ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தவை

எங்கள் கம்பெனியில் ஸ்கேல் அக்கா என்றால் வாசல் காவலாளி முதல் மேல்மாடி வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் யோசிப்பார்கள். முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். சாப்பிடப் போகும்போதுகூட மறந்துபோய் எடுத்துக்கொண்டு போவார். நான் அவருடைய பிரிவிலேயே, அவருக்கு எதிர் மேசையில், பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள். நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை அவரே சொல்லிக் கேட்டேன்.

மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் செய்கிற கம்பெனி அது. ஸ்கேல் அக்கா மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தார். காலை எட்டரைக்குப் பதினாறு செய்தித்தாள்கள் அவர் மேசைக்கு வரும். கம்பெனியின் பெயரோ பொருளோ எங்கே தட்டுப்பட்டாலும் வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, நீள அகலம் அளப்பார். அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் என்ன செலவாகும் என்று பார்த்து, அதை மூன்றால் பெருக்குவார். மாதக் கடைசியில் வருகிற எண்தான் எங்கள் பிரிவு கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்த மதிப்பு. மூன்றால் ஏன் பெருக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "விளம்பரத்தவிட செய்திய ஜனங்க மூணு மடங்கு நம்புவாங்களாம். எனக்கு முன்னால இருந்தவங்க எழுதி வெச்சுட்டுப் போனது," என்றார். யார் போய் எந்த ஜனத்தின் நம்பிக்கையை அளந்து பார்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எண் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது, அது போதுமானதாக இருந்தது.

ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளை அளக்க வேண்டாம் என்பது இன்னொரு விதி. அவற்றைப் பழுப்பு கவரில் போட்டு வைத்து, வருடக் கடைசியில் பழைய பேப்பரோடு தள்ளிவிட வேண்டும். ஸ்கேல் அக்கா தள்ளவில்லை. என்றைக்காவது யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து, கவர்களை அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

அவர் சுபாவமே அப்படி. அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போவார். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போன் போடுவார். "நல்ல சேதி வந்தாலும் கதவை நாலு தடவை தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் இவ சந்தோஷப்படுவா," என்று அவர் கணவர் சொல்லிச் சிரிப்பார். அவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்குழந்தையோடு மகளும் அவர்களோடுதான் இருந்தாள். மருமகனுக்கு வேறு ஊரில் வேலை.

அந்த வருடம் புது டைரக்டர் வந்தார். அதிகம் பேசமாட்டார். எதைக் காட்டினாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதனால என்ன ஆச்சு?" என்பார். பதில் சொல்லத் தெரியாத பிரிவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கம்பெனி மாத இதழ் நடத்திய நான்கு பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கைகுலுக்கினார், திங்கட்கிழமை அந்த அறையில் உடைந்த நாற்காலிகள் கிடந்தன. அடுத்தது யார் என்பதுதான் கேன்டீனில் பேச்சு. மூன்றாம் வாரம் எங்கள் மேனேஜருக்குக் கடிதம் வந்தது. மக்கள் தொடர்பால் கம்பெனிக்கு என்ன பலன் என்று பதினைந்து நாளில் நேரில் விளக்க வேண்டும்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் அன்றைக்கு அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. ஸ்கேல் அக்காவைக் கூப்பிட்டு, "அஞ்சு வருஷ ஃபைலையும் எடுங்க. மொத்தமா ஒரே எண்ணா வரணும். பார்த்ததும் வாயடைச்சுப் போகணும்," என்றார்.

அந்தப் பழைய ஃபைல்களைப் புரட்டும்போதுதான் முதல் சங்கடம் வந்தது. ஐந்து வருடத்தில் மிக உயர்ந்த மதிப்பு எந்த மாதம் என்று பார்த்தால், கம்பெனியின் கோடவுன் இரண்டு நாள் எரிந்த மாதம். முதல் பக்கத்தில் அரைப் பக்கப் படம், கரும்புகை, அதன் நடுவே கம்பெனிப் பலகை. எல்லாவற்றையும் அளந்து, மூன்றால் பெருக்கி, சாதனை மாதம் என்று அப்போது பிரிவுக்கே விருந்து கொடுத்திருந்தார்கள். தானும் அந்த விருந்தில் சாப்பிட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது.

மேனேஜரிடம் காட்டினார். "அளவு அளவுதான். விடுங்க," என்றார் அவர்.

இத்தனை வருடம் எதை அளந்தோம் என்ற கேள்வி வந்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அளக்காமல் விட்டது என்னென்ன என்று பார்க்க, அடித்தட்டுக் கவர்களை எடுத்து மேசையில் கொட்டினார். பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை: கடை திறப்பு, பள்ளிப் பரிசளிப்பு. அவற்றின் நடுவில், கடைசிப் பதினொரு மாதத்தில், நான்கு துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். குளியலறையில் வெந்நீர்ச் சாதனம் வெடித்து முதியவர் காயம். மாணவிக்குக் கையில் தீக்காயம். சுவர் இடிந்தது, வீட்டில் யாரும் இல்லாததால் ஆபத்து தவிர்ப்பு. நான்காவதில் ஒரு வரிதான், ஆளைப் பற்றிய விவரமே இல்லை.

முதலாவதிலும் நான்காவதிலும் மட்டும்தான் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தது. ஆனால் பத்தொன்பது வருடம் பேப்பர் வெட்டிய கண் அது. இரண்டாவதில் பொருளை விற்ற கடையின் பெயர் இருந்தது. அந்தக் கடை எங்கள் ஹீட்டர் தவிர வேறு கம்பெனி ஹீட்டர் விற்பதில்லை என்று அவருக்குத் தெரியும். மூன்றாவதில் நகக்கண் அளவுக்கு ஒரு படம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடிந்த செங்கல் மேல் வெள்ளை உருளை ஒன்று கிடந்தது, அதன் கழுத்தில் நீலப்பட்டை. போன வருடம் வந்த புது மாடலுக்குத்தான் நீலப்பட்டை உண்டு.

அதே நீலப்பட்டை ஹீட்டர் அவர் வீட்டுக் குளியலறையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊழியர் சலுகையில் ஒன்பது மாதத்துக்கு முன் வாங்கியது.

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஸ்கேல் தரையில் கிடந்தது. பகல் பதினொன்றரை மணி. குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம். வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார், மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் வாடகைக் கார் பிடித்திருக்கிறார். வழியில் இரண்டு சிக்னலில் கார் நின்றபோது கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. குளியலறைக்குள் மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. வெளிச்சுவரில் ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேல் அக்கா மெயின் சுவிட்சையே இழுத்துக் கீழே தள்ளினார். வீடு முழுக்க ஓடிய விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"யாரது?" என்று உள்ளிருந்து மகள் கேட்டாள்.

"நான்தான். குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா."

"பாதி சோப்பு போட்டிருக்கேன்மா. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"வான்னு சொன்னா வா."

நுரையோடு அழுகிற குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றினார். சமையலறையில் தண்ணீர் காய்ச்சி மீதிக் குளியலை முடித்தார்கள். "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? வேலை போயிடுச்சா?" என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஹீட்டர் என்று மட்டும் சொன்னார். இரண்டு தெரு தள்ளிக் கதவைத் தட்டினால் அங்கேயும் இதே பட்டை இருக்கலாம் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் எங்கள் சர்வீஸ் மெக்கானிக்கைக் கெஞ்சி வீட்டுக்கு அழைத்துப் போனார். ஹீட்டரின் அடியில் சேஃப்டி வால்வு என்று ஒன்று உண்டு. தொட்டிக்குள் ஆவி அதிகமானால் தானாகத் திறந்து வெளியேற்ற வேண்டும். அதைக் கையால் திறந்து பார்க்க இருக்கும் நெம்பை, அந்தச் சின்னக் கைப்பிடியை, மெக்கானிக் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இடுக்கி போட்டுத் தூக்கினார். அப்போதும் அசையவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இதோட ஏழு பார்த்துட்டேன்க்கா. சூடு கட்டுப்படுத்துற ஸ்விட்ச் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அது என்னிக்கு மாட்டிக்குதோ, அன்னிக்கு இது திறக்காது."

"மேல சொல்லலையா தம்பி?"

"எழுதிக் குடுத்தேன். போன காகிதம் போனதுதான். ரெண்டாவது தடவை எழுதப் போனப்ப, குடும்பஸ்தன், பார்த்து நடந்துக்கோன்னு சொன்னாங்க. என் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க."

மேனேஜரிடம் போனபோது அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். எனக்குக் கண்ணாடி வழியாக இருவர் வாயும் அசைவது மட்டும் தெரிந்தது. மேனேஜர் சொன்னது இவ்வளவுதான் என்று பிறகு ஸ்கேல் அக்கா சொன்னார்: "நல்ல பேர் வாங்கித் தர்றதுதான் நம்ம வேலை. நாமளே இதைத் தூக்கிட்டுப் போனா, நம்ம எட்டுப் பேரையும் நாமளே வெளிய தள்ளின மாதிரி. கூட்டம் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்." கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் காலையில் பேப்பர் கட்டைப் பிரிக்கவே அவருக்குக் கை வரவில்லை. விரித்ததும் மூலைகளைத்தான் முதலில் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஒரு மூச்சு விடுவார், அடுத்த பேப்பரை எடுக்கும்போது அந்த மூச்சு மறுபடி நின்றுவிடும். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. "வேலை போனாப் போகுது, நான் இருக்கேன்ல," என்று கணவர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் பயம்தான், முகம் காட்டிக் கொடுத்தது என்றார்.

கூட்டத்தன்று திரையில் படங்களை ஓட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கேல் அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பழுப்பு கவர். மேனேஜர் நன்றாகத்தான் பேசினார். ஐந்து வருட மொத்த எண் திரையில் வந்தபோது அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

டைரக்டர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதனால என்ன ஆச்சு?"

"கம்பெனி பேர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு சார்."

"சேர்ந்து? படிச்சவங்க என்ன செஞ்சாங்க? வாங்கினாங்களா, நம்பினாங்களா, யாரையாவது கேட்டுப் பார்த்தீங்களா?" அவர் வரைபடத்தில் உயர்ந்து நின்ற ஒரு கோட்டைக் காட்டினார். "இந்த மாசம் என்ன விசேஷம்?"

மேனேஜர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அவர் குடித்து முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"கோடவுன் எரிஞ்ச மாசம் சார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஸ்கேல் அக்கா எழுந்து நின்றுவிட்டிருந்தார். இருபதடி மேசை. அந்தத் தூரத்தைக் கடந்து போய் அவர் நான்கு துண்டுகளை டைரக்டர் முன்னால் வைத்தார். ஒன்று கீழே விழுந்தது, குனிந்து எடுத்து வைத்தார்.

டைரக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். "இது கணக்குல வருதா?"

"வராது சார். அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா அளக்க மாட்டோம்."

"எல்லாமே நம்ம ஹீட்டர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

கடையைச் சொன்னார், நீலப்பட்டையைச் சொன்னார். "என் வீட்டுலயும் அதேதான் சார். வால்வு நெம்பு அசையல. நானே பார்த்தேன்," என்றார். மெக்கானிக்கின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். அதன்பின் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு நாளை நான் மறக்கமாட்டேன். யாரும் ஸ்கேல் அக்கா மேசைப் பக்கம் போகவில்லை, நானும்தான். போன் அடித்தால் அவர் தோள் தூக்கிப் போடும். மேசை இழுப்பறையைக் காலி செய்து தன் சாமான்களை ஒரு பையில் கட்டிக் காலடியில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். தொழிற்சாலையில் நாற்பது வால்வைச் சோதித்ததில் ஒன்பது ஒட்டிக்கொண்டிருந்தன. விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே விற்றது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. யார் யார் வாங்கினார்கள் என்ற விவரம் பாதிக்குமேல் கிடையாது. "உங்க பிரிவுக்கு இனிமே ஒரே கணக்கு. எத்தனை வீட்டுல வால்வு மாத்தியாச்சு? தினம் சாயங்காலம் சொல்லுங்க," என்றார்.

அறிவிப்பை மேனேஜர் எழுதினார். 'அன்பான வாடிக்கையாளர்களுக்கு இலவச சிறப்புப் பராமரிப்பு' என்று தலைப்பு. பூ போட்ட ஓரம். எல்லாப் பேப்பரிலும் பெரிதாக வந்தது. பழைய முறையில் அளந்தால் சாதனை. பத்து நாளில் வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

"இதைப் பார்த்தா நானே போகமாட்டேன் சார். ஹீட்டர் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுடுவேன். வெடிக்கும்னு எழுதணும்," என்று ஸ்கேல் அக்கா டைரக்டரிடமே சொன்னார்.

டைரக்டர் பேப்பரை மடித்து வைத்தார். "அப்படி எழுதினா அடுத்த வருஷம் இந்தக் கம்பெனி இருக்குமான்னு எனக்குத் தெரியல," என்றார். அவரும் பயந்தவர்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பதினோராம் நாள் காலை, ஒன்பதாவது பேப்பரின் நான்காம் பக்க மூலையில், ஐந்தாவது செய்தி இருந்தது. இளம்பெண், முகத்திலும் கழுத்திலும் தீக்காயம், மருத்துவமனையில். வயது ஸ்கேல் அக்காவின் மகள் வயதுதான். அதை வெட்டவே அவரால் முடியவில்லை. நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, துண்டை டைரக்டரின் மேசையில் வைத்துவிட்டு, இறங்கி வந்தார்.

மறுநாள் வந்த அறிவிப்பை எழுதியது அவர்தான். 'நீலப்பட்டை போட்ட ஹீட்டர் உங்கள் வீட்டில் இருக்கிறதா? உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். அது வெடிக்கலாம், ஐந்து இடங்களில் வெடித்திருக்கிறது. தவறு எங்களுடையது. இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.' கீழே டைரக்டரின் கையெழுத்து.

எட்டு பேரும் எட்டு போனோடு உட்கார்ந்தோம். மேனேஜரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திட்டினார்கள், அழுதார்கள், நான் வாங்கியது பச்சைப்பட்டை, பரவாயில்லையா என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் பகலில் ஸ்கேல் அக்காவின் போனில் ஒருவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பேப்பரை இப்போதுதான் பார்த்தாராம். பட்டை நீலம்தானாம்.

"அணைச்சாச்சா சார்?"

"இல்ல, ஓடிட்டிருக்கு. காலையில போட்டது. ஒரு மாதிரி விசில் சத்தம் வருது, அதான் கேட்கலாம்னு..."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"எங்க அம்மா குளிக்கப் போனாங்க."

ஸ்கேல் அக்கா எழுந்து நின்றார். அவர் நின்ற விதத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். "போனைக் கீழ வைங்க, வெட்டிடாதீங்க. முதல்ல மெயினை அணைங்க. அப்புறம் அம்மாவை வெளிய கூட்டிட்டு வாங்க. ஹீட்டர் பக்கத்துல போகாதீங்க. ஓடுங்க."

ரிசீவரில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு தட்டுகிற சத்தம். "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்கேல் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்தேன், மூன்று நிமிடம்.

பிறகு இரைக்க இரைக்க ஒரு குரல் வந்தது. "கூட்டிட்டு வந்துட்டேன். தெருவுல நிக்கிறாங்க. காது கேக்காது அவங்களுக்கு, கதவை உடைக்க வேண்டியதாப் போச்சு. குழாய் வழியா ஆவியாக் கொட்டுது."

"சரி சார். உள்ள போகாதீங்க. ஆள் வருவாங்க," என்று சொல்லி, விலாசம் எழுதிக்கொண்டு, போனை வைத்தார். அதன்பின் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தார். அரை மணியில் திரும்பி வந்து அடுத்த போனை எடுத்தார்.

அந்த அறிவிப்பு வந்த முதல் வாரம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடு. இரண்டு மாதத்தில் மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று. அந்த வருடம் விற்பனை படுத்துவிட்டது. எங்கள் பிரிவை மூன்று பேராகக் குறைத்தார்கள், மேனேஜர் வேறு வேலை தேடிப் போனார். மெக்கானிக்கின் முதல் காகிதம் யாருடைய இழுப்பறையிலோ கிடைத்தது, அந்த இழுப்பறைக்காரரும் போனார். தீக்காயம் பட்ட பெண் பிழைத்துக்கொண்டார். முகம் பழையபடி ஆகவில்லை. ஸ்கேல் அக்கா மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவார். முதல் தடவை அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறக்கவில்லை. நான்காவது தடவை திறந்தார்.

கண்டுபிடிக்க முடியாமல் போனவை அறுபத்தொன்பது. வீடு மாறிப் போனவர்கள், பேப்பர் படிக்காதவர்கள், பூட்டிய வீடுகள். ஓய்வு பெறுகிற வரை ஸ்கேல் அக்கா கடை ரசீதுகளையும் பழைய விலாசங்களையும் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடினார். வருடத்துக்கு ஐந்து, ஆறு அகப்படும். வேலையை விட்ட நாளில் நாற்பத்தொன்று பாக்கி இருந்தது.

போன வாரம் அவரோடு போனில் பேசினேன். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளாம். தூக்கம் சரியாக வருவதில்லையாம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்களாம். நலம் விசாரித்து முடித்த பிறகு, எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது எந்தக் கம்பெனி ஹீட்டர், எப்போது வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். "எதுக்கும் ஒரு தடவை வால்வு நெம்பைத் தூக்கிப் பாரு," என்றார்.

போனை வைத்துவிட்டு, ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். அசைந்தது.